கிழமரத்தைப் பார்க்காதீங்க, கன்றைப் பாருங்க



செவிலிமேடு பாலத்திலே நின்று பாலாற்றைப் பார்த்திருப்பீங்க. வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான். கரையோரம் சீமைக்கருவேலம். "தண்ணியே இல்லாத இடத்துல இது மட்டும் எப்படிங்க பெருகுது?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

இது நம்ம மண்ணின் மரம் இல்லை. அமெரிக்கக் கண்டத்து வறண்ட பூமியின் மரம். 1870-களில் சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது. விறகுக்கு நல்லதென்று பிற்பாடு பரப்பியதும் எங்களைப் போன்ற அதிகாரிகள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வறண்ட பூமியில் செடிகொடிகள் எப்படி மாறுகின்றன என்பதை வெகுகாலமாகக் கவனித்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் ஊரில், 1906 முதல் சில துண்டு நிலங்களை அடையாளம் வைத்து, முளைத்தது எது, பட்டுப்போனது எது என்று கணக்கெடுத்து வருகிறார்கள். அங்கே சகுவாரோ என்றொரு கள்ளி. பனை மாதிரி நெட்டையாக நூறு வருஷத்துக்கு மேலும் நிற்கும். உடம்பிலே தண்ணீரைச் சேர்த்து வைப்பதால், வெயில் கூடினாலும் கிழக்கள்ளி சட்டென்று சாகாது. கன்று அப்படியில்லை. ஒரு மரத்து நிழலும், அடுத்தடுத்துச் சில நல்ல மழையும் இருந்தால்தான் பிழைக்கும். நாலைந்து வருஷம் மழை பொய்த்தால் அந்த வயசுக் கன்றே இருக்காது. பெரியவர்கள் மட்டும் இருந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லாத ஊர் மாதிரிதான். பார்வைக்குக் காடு அப்படியே இருக்கும். உள்ளே மாறிப் போயிருக்கும்.

நம்ம நாட்டுத் தார் பாலையின் மரம் வன்னி. நம்ம கோயில்களில் தலமரமாக நிற்கிறதே, அதேதான். அந்தப் பக்கத்துக்கும் 1913-ல் சீமைக்கருவேலம் போய்ச் சேர்ந்து பரவிவிட்டது. இதன் விதைக்குக் கெட்டித் தோல். மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். இப்போது வெப்பம் கூடுகிறது, மழையும் முறை தவறுகிறது. புல்லும் நாட்டுமரக் கன்றும் வாடுகிற வருஷத்திலே இது ஆழமாக வேர்விட்டுத் தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே வரப்பிலே கன்றைத் தேடுங்க. மழை ஈரத்தில் இளங்கன்று கையோடு வரும். வளர்ந்த மரத்தைத் தரையோடு வெட்டினால் மறுபடி தழையும். ஒரு அடி தோண்டி அடிக்கட்டையை வேரோடு எடுக்கணும். ஆடுமாடு காயைத் தின்றால் விதை செரிக்காமல் எருவிலே வந்து வயலில் முளைக்கும். பூ, காய் விடும் முன்னே எடுத்துடுங்க.

எடுத்த இடத்தில் வன்னியோ வேம்போ வையுங்க. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் குடத்துத் தண்ணீர் ஊற்றுங்க. அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.