ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்



பிள்ளைகள் படிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது நான் பட்டதுதான். அதையே சொல்கிறேன்.

என் மூத்த மகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் வருகிற 25 சதவீத ஒதுக்கீட்டில், ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சீட் கிடைத்தது. தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். எட்டாவது முடிகிற நேரத்தில் பள்ளியில் கூப்பிட்டு, "ஒன்பதாவதிலிருந்து ஃபீஸ் நீங்கதாம்மா கட்டணும்" என்றார்கள். தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கையில் ஒரு கலர் நோட்டீஸ் கொடுத்தார்கள். ரோபோட்டிக்ஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், நீட் அடிப்படை வகுப்பு, யோகா என்று வரிசையாகப் போட்டிருந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தேன். குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் எடுத்துக் கட்டினேன். ரோபோட்டிக்ஸ் வகுப்பு அந்த வருஷம் நாலே நாள் நடந்தது. பத்தாவது வந்ததும் விளையாட்டு பீரியடும் பரீட்சைக்குப் போய்விட்டது. ஒன்றை மறைக்கக் கூடாது. கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். மகள் நல்ல மார்க் வாங்குகிறாள். இப்போது ப்ளஸ் டூ.

பக்கத்து வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பேங்க் கணக்கில் விழுகிறது. விசாரித்தபோதுதான் முழு விஷயம் தெரிந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் பணமும் உண்டு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. 25 சதவீதத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கும் இரண்டும் உண்டு. அன்றைக்கு இதை ஒருத்தர் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேனே!

தனியார் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சேருங்கள் என்கிறேன். கட்டண நிர்ணயக் குழு இந்தப் பள்ளிக்கு எவ்வளவு ஃபீஸ் போட்டிருக்கிறது? கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா? நோட்டீஸில் இருக்கிற சிறப்பு வகுப்பு, டைம்டேபிளில் வாரம் எத்தனை பீரியட்? யார் எடுக்கிறார்கள்? விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடலாமா? ஆய்வகத்தில் பிள்ளை தன் கையால் செய்து பார்க்குமா? நூலகப் புத்தகம் வீட்டுக்கு வருமா? ப்ளஸ் ஒன்னில் பிள்ளை விரும்புகிற குரூப் இருக்கிறதா? இதே கேள்விகளை அரசுப் பள்ளியிலும் போய்க் கேளுங்கள்.

என் சின்ன மகளும் அதே ஒதுக்கீட்டில்தான் படிக்கிறாள். இப்போது எட்டாவது. போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய், ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் முடிவு எடுக்கவில்லை. இந்தத் தடவை அவளையும் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எடுப்போம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில், எட்டாவது படிக்கிற பிள்ளை யார் யார் வீட்டில் இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தத் தாய் படிப்புக் கடன் கேட்டு வருவதற்கு முன்னாலேயே அவளைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அவளுக்கு நாம் இருக்கிறோம்.