பழைய கிடாரும் குக்கர் ஆவியும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். பழைய கிடாரை ரிப்பேர் செய்கிறவனுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்டேன். "பேங்க், கம்ப்யூட்டர், வெளிநாடுன்னு எல்லாரும் பேசியாச்சு. ஒரு மாறுதலுக்கு நீ வா" என்றார். அந்த மாறுதல்தான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறது.

நம் பௌதிக லேபில் இருந்த சோனாமீட்டர் நினைவிருக்கிறதா? நீளமான மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, நுனியில் தொங்கும் எடைக்கற்கள். கம்பியின் மேல் சின்னக் காகிதத் துண்டை வைத்துவிட்டு அது எப்போது துள்ளி விழும் என்று காத்திருப்போம். கிடார் என்பது ஆறு கம்பி கட்டிய சோனாமீட்டர்தான். ஒரே ஒரு வித்தியாசம். லேபில் சாயங்காலம் ஆனால் அட்டெண்டர் எடைக்கற்களைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். கிடாரில் யாரும் கழற்றுவதில்லை. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஒரு முழு ஆள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. இரவும் பகலும், நாற்பது ஐம்பது வருஷம். அதைத் தாங்குகிற மேல்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்! உள்ளே பெருக்கல் குறி போல ஒட்டியிருக்கும் மரப் பட்டைகள்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

அப்படியும் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும். கழுத்து முன்னால் சாயும். கம்பி உயரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்) தடித்த கம்பிக்கு அடியில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வாசிக்கச் சுகம். ஐந்து மில்லிமீட்டர் ஆனால் விரல் புண்ணாகும். பிறகு கிடார் பரணுக்குப் போய்விடும்.

இந்த வேலையை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். மைலாப்பூரில் வீணை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் திண்ணையில் சும்மா போய் உட்காரப் பழகி, அங்கேயே தங்கிவிட்டேன். வீணைக்கு மேளம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கரி கலந்த மெழுகில் 24 மெட்டுகளையும் பதிப்பார்கள். சில வருஷம் கழித்து சுருதி விலகினால் மெழுகை இளக்கி மறுபடி கட்டலாம். மரத்துக்கு ஒரு கீறல் விழாது. "ஒட்டறது பெரிசில்லடா. அடுத்தவன் பிரிக்கிற மாதிரி ஒட்டணும்" என்பார் அவர். கிடார் விஷயத்தில் எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

ஏனென்றால் பழைய கிடார் செய்தவர்களும் அப்படித்தான் ஒட்டினார்கள். நம் ஊர் ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசைதான் அங்கேயும். சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். பிற்காலத்தில் வந்த மரப் பசைகளும் ஓரளவு அப்படியே. மாறாக, இரண்டு டியூபைக் கலந்து தடவுகிற எபாக்ஸிப் பசை எளிதில் விடாது. என் மேஜைக்கு வருகிற பாதித் தொல்லை, வயதால் வந்ததல்ல. முன்னே ஒருவர் அக்கறையோடு செய்த ரிப்பேரால் வந்தது!

ஒரு கிடாரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தார்கள். கையில் மார்ட்டின் டி-28. அப்பா கப்பலில் அதிகாரி, 1974-ல் நியூயார்க்கில் வாங்கியதாம். கண்ணாடியை உள்ளே விட்டு அடிப்பலகையைப் பார்த்தேன். நம் ஈட்டி மரம். இதில் ஒரு கதை இருக்கிறது. முதலில் இந்த மாடலுக்கு பிரேசில் நாட்டு ரோஸ்வுட்தான் போட்டார்கள். அது கிடைப்பது அரிதாகிப்போய், 1969-ன் இறுதியில் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் ஈட்டிக்கு, மாறினார்கள். (பிரேசில் மரத்தின் வியாபாரத்துக்கு 1992-ல் சர்வதேசத் தடையே வந்துவிட்டது.) இந்த நாட்டுக் காட்டில் வளர்ந்த மரம் பென்சில்வேனியா போய், கிடாராகி, கப்பலேறி மெட்ராஸ் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த கிடாரில் ஐந்து மில்லிமீட்டர் உயரம். யாரோ ஒருவர் கழுத்தின் குதிகாலில் பெரிய திருகாணியை முறுக்கி இறுக்கி வைத்திருந்தார். இந்தக் கம்பெனியின் கிடார்களில் 1985 வரை திருகிச் சரிசெய்கிற இரும்புத் தண்டு கிடையாது. ஆகவே கழுத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

எப்படிக் கழற்றுவது? பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் ஊசித் துளை போட்டு, உள்ளே இருக்கும் மூட்டுக்கு ஆவி விடவேண்டும். ஆவிக்கு பிரஷர் குக்கர். வெயிட் போடுகிற இடத்தில் ரப்பர் குழாய், அதன் முனையில் மெல்லிய பித்தளைக் குழல். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு ஒரு குக்கர், கிடாருக்கு ஒரு குக்கர். வீட்டம்மா இரண்டையும் கலக்க விடுவதில்லை. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம் வரும். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

கழுத்து வந்தபின் குதிகாலை எவ்வளவு செதுக்குவது? இங்கேதான் பள்ளிக்கூட ஒத்த முக்கோணம் உதவிக்கு வருகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டரை மில்லிமீட்டர் குறையவேண்டுமென்றால், கம்பியின் கடைசி முனையில், வீணையில் குதிரை இருக்கிற இடத்தில், ஐந்து குறைவதற்குச் சமம். மூட்டிலிருந்து அதுவரை 289 மில்லிமீட்டர். குதிகாலின் உயரம் 90. கணக்குப் போட்டால் குதிகால் நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர், மேலே போகப் போகப் பூஜ்யம். இவ்வளவுதான் எடுக்கவேண்டியது. ஐம்பது வருஷ இழுப்புக்கு மருந்து ஒன்றரை மில்லிமீட்டர் மரத்தூள்!

இது எனக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை ஒன்று பாக்கி இருந்தது. ஒலித்துளைக்குப் பக்கத்தில் வார்னிஷ் தேய்ந்து, வெறும் மரம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. அந்த அம்மாள், "இதையெல்லாம் சுரண்டிட்டு புதுசு மாதிரி பாலிஷ் போட்டுடுங்க சார்" என்றார்கள். எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன். அசல் பூச்சை எடுத்தால் திரும்ப வராது, விலை பாதியாகிவிடும், தடித்த புதுப்பூச்சு நாதத்தையும் அமுக்கும், அதோடு அது உங்கள் அப்பாவின் கை பட்ட அடையாளம் அல்லவா என்று.

அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "விக்கப் போறதில்ல சார். என் பையன் வாசிக்கணும். அப்பா லீவுல வந்தா ராத்திரி குடிச்சிட்டு வாசிப்பார். அம்மா அழுதுக்கிட்டே கதவைச் சாத்துவாங்க. அப்ப தேஞ்ச இடம் சார் அது. அதைத்தான் என்னால பாக்க முடியல."

நண்பர்களே, அடையாளத்தை அழிக்கக்கூடாது என்று எல்லாரிடமும் உபதேசம் செய்கிறவன் நான். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. கிடார் என் அலமாரியில் மூன்று மாதம் இருந்தது. கழுத்து வேலை முடிந்தது, திருகாணித் துளையை மரக்குச்சி வைத்து அடைத்தேன், ஃப்ரெட்டுகளைச் சமன் செய்தேன். அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. அவரது வலி உண்மை. அந்தத் தேய்மானமும் உண்மை. இரண்டில் ஒன்றுக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

கடைசியில் மைலாப்பூர்ப் பெரியவரின் வழிதான் கைகொடுத்தது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை வெறும் மரத்தில் மெல்லிசாகத் தடவிக் காப்புக் கொடுத்தேன். அதன்மேல், ஆமையோடு போன்ற புள்ளி போட்ட பிளாஸ்டிக் தகட்டை, தேய்ந்த இடம் முழுக்க மறையும்படி வெட்டி, லேசான பசையில் ஒட்டினேன். இளஞ்சூடு காட்டினால் கழன்றுவிடும். மேலுக்குப் பார்த்தால் கிடாரோடு பிறந்தது போலத்தான் இருந்தது.

வாங்க வந்தபோது மகனும் வந்திருந்தான். அம்மா அறைக்கு வெளியே நின்றுகொண்டார்கள். பையன் மெதுவாக நாலைந்து கார்ட் வாசித்தான். நடுவில் அவர்கள் உள்ளே வந்து, தகட்டை விரலால் தடவிப் பார்த்து, "அடியில அது அப்படியே இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கும்மா" என்றேன். "இருக்கட்டும்" என்றார்கள். பணம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்றுவரை அந்தத் தகட்டைக் கழற்றச் சொல்லி யாரும் வரவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உங்கள் வீட்டில் பழைய கிடார் இருந்தால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குகிறேன். பரணில் போடாதீர்கள், சித்திரை வெயிலில் பரண் அடுப்பு மாதிரி. நாள் முழுக்க ஏசி ஓடுகிற அறையில், காற்று வருகிற நேர் எதிரிலும் மாட்டாதீர்கள். மரம் காய்ந்து வெடிக்கும். ரொம்ப நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் கம்பிகளை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஏதாவது சில்லு பெயர்ந்து விழுந்தால் நீங்களாக ஒட்டவேண்டாம், குப்பையிலும் போடவேண்டாம். ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை, அது எனக்கு வேண்டும்.