சூரியனைக் குறித்துவைத்த மலை



இருபத்தாறு வயதிலே மறைந்துவிட்ட போதிலும் அதற்குள் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலை எழுதி முடித்து, ‘பிரபுத்த பாரத’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியராகவும் விளங்கிய ராஜம் ஐயர் பிறந்த ஊர் இந்த வத்தலக்குண்டு. சிறைவாசம் தந்த நோயைச் சுமந்துகொண்டே ஊர் ஊராக நடந்து தேசபக்தியைப் போதித்த சுப்பிரமணிய சிவாவும் இங்கே பிறந்தவர்தாம். எழுத்தாளர் பி.எஸ். ராமையாவும், 1959இல் ‘எழுத்து’ என்ற சிறு பத்திரிகையைக் கைப்பணத்தை நம்பித் தொடங்கி, பின்னாளில் புத்தக மூட்டையைத் தாமே தூக்கிச் சென்று விற்ற சி.சு. செல்லப்பாவும் நடந்த தெருக்கள் இவை. இவர்களில் எவருக்கும் ‘இந்தக் காரியத்தைச் செய்’ என்று யாரும் நியமன உத்தரவு அனுப்பவில்லை என்பதையும், தமக்குரிய காரியத்தைத் தாமே தேர்ந்து, அதற்கு வேண்டிய வித்தையைத் தாமே தேடிக் கற்று, ஒத்த மனத்தவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதையே தம் ஜீவிதமாக்கிக்கொண்டார்கள் என்பதையும் உங்களுக்கு நினைவூட்டிவிட்டு, இன்று எனக்கு அளிக்கப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அது தரவு, அதாவது, எண்களாகவும் குறிப்புகளாகவும் படங்களாகவும் சேர்த்துவைத்த விவரங்களும், அவற்றிலிருந்து உண்மையை எடுக்கும் வித்தையும்.

கல்லூரியை முடித்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர்கள் என்னைக் கண்டவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “தரவு அறிவியல் படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, எங்கே பணம் கட்டிச் சேர்ப்பது?” நல்ல ஆசிரியர் கிடைத்தால் அவரை வணங்கிக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கட்டணம் கட்டியவுடன் வித்தை வந்துவிடும், சான்றிதழ் வந்தவுடன் உத்தியோகம் வந்துவிடும் என்று நம்பி, நகையை அடகு வைத்தவர்களின் வீட்டுத் துயரத்தை நான் அறிவேன். ஆகையால் அந்தக் கேள்விக்கு நேரான விடையாக, நம் பஸ் நிலையத்திலிருந்து வண்டி ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தையும், அங்கே வாழ்ந்த ஒரு மனிதரையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்ட கதைகள் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மதராஸ் ராஜதானியைச் சுடுகாடாக்கிய அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனுக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டா என்ற ஆராய்ச்சி எழுந்து, அதன் பயனாகவே 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் ஸ்தாபிக்கப்பட்டது. அங்கே 1907இல் வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட். நம் ஊர் வழியாக ஏறும் மலைச்சாலை அப்போது திறக்கப்படவில்லை. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து கூலியாட்கள் சாமான்களைத் தலையில் சுமக்க, மலைப்பாதையில் ஏறவேண்டிய காலம் அது.

இந்த எவர்ஷெட் சர்வகலாசாலையில் வான சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். இங்கிலாந்தில் எண்ணெய்களையும் ரசாயனப் பொருள்களையும் பரிசோதிக்கும் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்ந்த நேரத்தில் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவிகளைத் தாமே செய்து, தாமே பழகி, தாமே தேறியவர். தாமே தேறியவர் என்று நான் சொன்னாலும், அவர் தனியாகத் தேறினார் என்று நீங்கள் கொள்ளக்கூடாது. என் பேச்சின் உயிர்நிலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாதவர்களும் சேர்ந்து வானத்தைக் கவனிப்பதற்கென்று 1890இல் அந்நாட்டில் ஒரு சங்கம் தோன்றிற்று. பெண்களையும் அங்கத்தினராக ஏற்றுக்கொண்ட அந்தச் சங்கத்தில் எவர்ஷெட் சேர்ந்து, நிறமாலை ஆராயும் பிரிவை நடத்தினார். அவருக்கு நண்பராயிருந்த ரான்யார்டு என்ற வானநூலார் 1894இல் இறக்கும்போது, தம்முடைய 18 அங்குலத் தொலைநோக்கியை அவருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். 1896இல் அச்சங்கத்தார் சூரிய கிரகணம் பார்க்க நார்வேக்குச் சென்ற பயணத்திலே மேரி என்ற பெண்மணியைச் சந்தித்தார். தாமும் ஒரு வானநூல் ஆர்வலராயிருந்த அந்த அம்மையார் 1906இல் அவரை மணந்து, கொடைக்கானலில் அவரோடு சேர்ந்து சூரியனை ஆராய்ந்தார். உத்தியோகத்துக்கு எவர்ஷெட்டைச் சிபாரிசு செய்தவர் வில்லியம் ஹக்கின்ஸ் என்னும் முதுபெரும் விஞ்ஞானி. எவர்ஷெட்டிடம் காட்டுவதற்குப் பட்டம் இல்லை. ஆண்டுக்கணக்காக அவர் பிரசுரித்துவந்த பதிவுகளும், அந்தப் பதிவுகளைப் பார்த்துக் குறை சொல்லித் திருத்திய தோழர்களும் இருந்தார்கள்.

1909ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சூரியப் புள்ளிகளின் ஒளியை அவர் ஆராய்ந்தபோது, அங்கே வாயுக்கள் சுழல்வதைக் காண்போம் என்று எதிர்பார்த்தார். அமெரிக்காவில் ஹேல் என்பவர் அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்ட கண்டுபிடிப்பு அத்தகைய எதிர்பார்ப்பை எழுப்பியிருந்தது. ஆனால் புகைப்படத் தட்டில் விழுந்த நிறமாலைக் கோடுகள் வேறொன்றைக் கூறின: வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தம் எதிர்பார்ப்பைத் தள்ளிவிட்டுத் தட்டு சொன்னதையே அவர் உலகத்துக்கு அறிவித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். தரவோடு பழகுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பிலும் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உத்தியோகத்தின் கதவு எவர்ஷெட்டுக்குத் திறந்ததில் அவர் ஆங்கிலேயர் என்பதற்கும் பங்குண்டு. அதே மலையில், பனியிலும் குளிரிலும் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்துக் கழுவி, தேதியிட்டு அடுக்கிய இந்திய உதவியாளர்களுக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. ஓர் இந்தியர், ஏ.எல். நாராயண், அந்த ஆய்வகத்தின் இயக்குநர் பதவியில் அமர 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் அந்த உதவியாளர்களின் உழைப்பே நமக்குப் பெருஞ்செல்வமாக வந்து சேர்ந்திருக்கிறது. 1904 தொடங்கி எடுக்கப்பட்ட சூரியப் படங்கள், ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரிசையாக, இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரால் கணினிப் படிமங்களாக்கப்பட்டு, உலகத்தில் எவரும் எடுத்து ஆராயும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு நீண்ட, இடையறாத சூரியப் பதிவு உலகத்தில் மிகச் சில இடங்களிலேயே உண்டு.

இளம் நண்பர்களே, அந்தப் படிமங்களில் ஓராண்டுக்குரியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணிற வட்டத்தில் கறுத்த புள்ளிகள் இருக்கும். கறுத்த பரப்பை அளக்கப் பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதக் கற்றுக்கொண்டால் போதும். ஒவ்வொரு நாளின் அளவையும் அட்டவணையில் ஏற்றுங்கள். பருவமழைக் காலம் வந்தவுடன் ஒரு சங்கடம் எதிர்ப்படும்: மேகம் மூடிய நாள்களுக்குப் படமே இராது. அந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் சூரியனில் புள்ளி இல்லை என்று பொய் சாட்சி சொன்னவர்கள் ஆவீர்கள். ‘பார்க்கவில்லை’ என்று குறிக்கவேண்டும். ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை உங்கள் கண்முன்னே தோன்றும். பிறர் புத்தகத்தில் படித்த அலைக்கும், தன் கையால் கணக்கிட்டு எழுப்பிய அலைக்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவித்தவன் பிறகு கற்பதை விடமாட்டான்.

சூரியன் எட்டாத பொருள் என்று தோன்றினால், நம் சந்தைக்கு வாருங்கள். தக்காளி விலையை ஒரு கமிஷன் கடைக்காரர் பெட்டிக் கணக்கில் எழுதுகிறார். இன்னொருவர் கிலோக் கணக்கில் எழுதுகிறார். பெட்டியோ எல்லாக் கடையிலும் ஒரே எடை கொள்வதில்லை. இந்த ஊரின் பெயரையே பல ஏடுகளில் பலவிதமாக எழுதியிருப்பதால், கணினி அவற்றைப் பல ஊர்களாகவே எண்ணிக்கொள்ளும். சந்தை விடுமுறையான நாளுக்கு விலை பூஜ்யமா, விவரம் இல்லையா? மலைமேல் கேட்ட அதே கேள்வி இங்கே காய்கறி மண்டியிலும் வந்து நிற்கிறது. மத்திய அரசின் ‘அக்மார்க்நெட்’ தளம் நாட்டின் சந்தை விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. அதனோடு நம் சந்தையின் நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க எவரேனும் முன்வந்தால், வடுகபட்டிக்குப் பூண்டு கொண்டு செல்லும் மலைவாசிக்கும், நிலக்கோட்டைக்கு மல்லிகை அனுப்பும் தாய்மாருக்கும் உண்மையான உபகாரமாக இருக்கும். வேலை தருகிறவன் கேட்கும்போது எடுத்துக்காட்டவும் ஒரு பொருள் கிடைக்கும். ஆறு மாதத்தில் லட்ச ரூபாய்ச் சம்பளம் என்று நான் ஆசை காட்டமாட்டேன். பயனுள்ள ஒரு காரியத்தைச் செய்து முடித்து, பிறர் சோதிக்கும்படி வெளியே வைத்தவனை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பத்திரிகையோ ஆராய்ச்சிக்கூடமோ தேடிவரும் வாய்ப்பு, வெறும் சான்றிதழ் வைத்திருப்பவனைவிட அதிகம் என்றுமட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தமிழர்களுக்கு இது புதிதும் அன்று. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் ரசாயன ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள், 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ என்ற பெயரில் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் பணியைத் தொடங்கினார். பல தேசங்களில் வசித்த தமிழர்கள் ஊதியம் கருதாமல், ஒருவர் தட்டெழுத, மற்றொருவர் பிழை திருத்த, இன்று நாம் வீட்டிலிருந்தபடியே படிக்கும் நூற்றுக்கணக்கான நூல்கள் உருவாயின. தமிழரல்லாத ஒருவரையும் உதாரணமாகச் சொல்கிறேன். ஹடகலியில் பிறந்த புள்ளியியல் அறிஞர் சி.ஆர். ராவ், ராணுவத்தைச் சேர்ந்த ஒரு வேலையை நாடிக் கல்கத்தா சென்று, அது கிடைக்காத நிலையில், புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததனால் 1941இல் அங்கே சேர்ந்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரையின் பெருமையை உலகம் 2023இல்கூடப் பரிசளித்துக் கொண்டாடியது. வேலை கிடைக்காத ஊரில் அவருக்குக் கிடைத்தது ஒரு சகவாசம். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முதலில் வளரவிட்டுத்தான் கொடியை ஏற்றுகிறோம். தன் முயற்சியால் உயர விரும்புகிற பிள்ளைக்கும் அப்படிப் பற்றிக்கொள்ள நாலு பேர் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு வேண்டும், ஏனென்றால் கல்யாணப் பேச்சு தொடங்கியவுடன் கணினியை மூடிவைக்கச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளின் பெரியோர்களும் இந்தச் சபையில் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே நம் ஊர் நூலகத்தாரிடம் நான் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிப்பறையின் ஒரு மூலையையும் ஒரு மின்இணைப்பையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தாருங்கள். கமிஷன் கடை வைத்திருக்கும் அன்பர்கள், கொடுக்க மனமிருந்தால், கழிந்த வருஷத்து விலை நோட்டுகளை ஆள் பெயர், கடன் விவரம் முதலியவற்றை மறைத்துக் கொடுத்துதவலாம். மடிக்கணினி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பதிந்து, மூன்றாமவர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். எந்த எண்ணை எப்படித் திருத்தினோம் என்பதை எழுதிவைக்கத் தனியாக ஒரு பேரேடு வேண்டும். அதை நான் வாங்கி வருகிறேன். வர விரும்புகிறவர்கள், கூட்டம் கலைவதற்கு முன் வாசலில் இருக்கும் நண்பரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.