மலைபடுகடாம் காட்டும் மலைவழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மறைமலை நகர் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு மலை இருக்கிறது. வேதாசலம் என்னும் இயற்பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக் கொண்டவர் அடிகளார் (1876–1950). வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. பெற்றோர் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் அப்பெயர் இட்டனர் என்பது அவர் வரலாற்றில் கூறப்படும் செய்தி. செங்கற்பட்டுப் பகுதிக் குன்றொன்றின் பெயர் நாகைப் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்குச் சென்று, தமிழாகி, மீண்டும் செங்கற்பட்டுப் பகுதியின் நகர் ஒன்றுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பத்துப்பாட்டுள் முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை கண்டவர் அடிகளார். அத்தொகையின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தை அவர் பெயர் தாங்கிய நகரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமேயாகும்.

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளையுடையது. கூத்தராற்றுப்படை என்பது இதன் பிறிதொரு பெயர். செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக இது அமைந்துள்ளது. வள்ளலின் புகழ் ஒருபுறம் இருக்க, மலையேறுவார்க்குரிய வழிகாட்டி நூலாகவும் இதனைப் படிக்கலாம். ஆற்றுப்படைகள் ஐந்தனுள் வழியின் இடர்களை இத்துணை விரித்துரைப்பது இதுவே.

அவ்விடர்களைச் சிறிது காண்போம். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கல்லடார்ப் பொறிகள் உண்டு. ஆகவே இருளில் நடவாது விடியும்வரை தங்கிச் செல்க என்கிறான் கூத்தன். பாம்பு ஒடுங்கும் குழிகள் உள்ள இடத்தில் வழியைச் சற்றே விலகி, விறலியர் கைதொழ, அவ்விடத்தை வலப்பக்கமாக விட்டுக் கடக்க வேண்டும். யானையை விரட்டப் பரண்மேலிருந்து கானவர் எறியும் கவண்கல் எவர்மீதும் விழலாம். மரங்களை மறைவாகக் கொண்டு போக வேண்டும். முதலை கிடக்கும் சுழிகளின் கரை வழுக்கும். அங்கே தடித்த கொடிகளைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துக் கடக்க வேண்டும். பாசி படர்ந்து அடி தளரும் இடங்களில் சிறுமூங்கிலையும் கோரையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இவற்றினும் நுட்பமான அறிவுரை ஒன்றுண்டு. ஓங்கிய பாறையில் தேனடைகள் சக்கரம்போல் தொங்கும். அவற்றைத் திடுமென அண்ணாந்து நோக்காதீர், நோக்கினால் வரிசையாகச் செல்லும் அடிகள் நெறி மாறும் என்கிறான். அழகே இடராகும் இடத்தை அறிந்து சொல்கிறான். நடக்கும்போது காணாதே, காணும்போது நடவாதே என்பது இன்றும் மலைவழிகாட்டிகள் கூறும் முதற் பாடமாகும்.

குறவரும் மயங்கும் குன்றத்தில் வழி தவறினால் என் செய்வது? அகன்ற பாறையொன்றில் ஒன்றுகூடுக. மேலே நடத்தலை விடுக. உங்கள் இசைக்கருவிகளை முழக்குக. ஒலி கேட்ட கானவர், வெள்ளத்தில் வீழ்ந்தாரை மீட்க ஓடுவார்போல விரைந்து வருவர்; உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டித் தாம் முன்னே நடந்து வழிகாட்டுவர். வழி தவறியவன் நின்ற இடத்திலேயே நின்று ஒலியெழுப்ப வேண்டும் என்பதே இன்றைய மலைநடைப் பயிற்சியிலும் கற்பிக்கப்படுவது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் அறிவுரை மாறவில்லை.

இப்பாட்டின் நவிரமலையைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை என்று அறிஞர் அடையாளம் காண்பர். இன்று அம்மலை ஏறும் அடியார், செங்குத்தான பாறையில் இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றி ஏறுகின்றனர். கொடியும் மூங்கிலும் இருந்த இடத்தில் இரும்பு வந்திருக்கிறது. பற்றிக்கொண்டன்றி ஏறவியலாத மலை என்பது மட்டும் மாறவில்லை.

கல்லின் இயல்பே வழியின் இயல்பு. நவிரமலை இறுகிய பாறையாலானது. மழைநீர் உட்புகாது சுனையாகத் தங்கும், அருவியாக விழும். ஆகவே கௌசிகனாரின் கூத்தன் வழுக்கலையும் சுழியையும் அஞ்சுகிறான். சுண்ணாம்புக்கல் மலையில் நிலை வேறு. அக்கல்லை மழைநீர் சிறிது சிறிதாகக் கரைத்து, விரிசல்வழி உள்ளிறங்கிக் குகைகளைக் குடையும். மேற்பரப்பு வறண்டு கிடக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1972இல் நிறுவப்பெற்ற குவாடலூப் மலைத் தேசியப் பூங்கா இதற்குச் சான்று. இருபத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கடற்பஞ்சுகளும் பாசிகளும் கட்டிய திட்டே அங்கு மலையாய் நிற்கிறது. அதன் உச்சி 2,667 மீட்டர். உயர்வழிகளில் குடிநீர் கிடையாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் நீரை ஒவ்வொருவரும் சுமந்தே ஏற வேண்டும். மலேசியத் தமிழர் 272 படியேறிச் சென்று முருகனை வழிபடும் பத்துமலைக் குகையும் இவ்வகைச் சுண்ணாம்புக்கல்லில் நீர் குடைந்ததேயாகும். கடலின் எச்சமே கல்லாகிய நிலத்தைக் காண அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குச் சென்றாலும் போதும். அங்கே பாறைக்குள் சிப்பிகள் உறைந்து கிடக்கின்றன.

குவாடலூப் மலைக்கு ஓர் ஆற்றுப்படை எழுதப்பட்டிருப்பின் அது தாகத்தைப் பாடியிருக்கும், முதலையைப் பாடியிராது. ஒரு மலைக்குச் சொன்ன வழி இன்னொரு மலைக்கு ஆகாது. அந்தந்த மலையில் நடந்தவரே அந்தந்த வழியைச் சொல்லவியலும். சங்கப் பாட்டு மரபு வழிப்பட்ட புனைவே, புலவர் நடந்து பார்த்திருக்க வேண்டுவதில்லை என வாதிடுவாரும் உளர். எனினும் பாசியில் கால் வழுக்கும்போது ஒற்றை மூங்கில் போதாது, சிலவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்னும் அறிவு ஏட்டிலிருந்து வருவதன்று. நடந்தவரிடம் கேட்டேனும் எழுதியிருக்க வேண்டும்.

வழியறியாமையின் விலை பெரிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவிய செய்தியை எவரும் மறந்திரார். மலைநடைக்குச் சென்ற இளைஞரும் பெண்டிரும் நடுவே சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்றோர் அவர்கள். கோடையில் உலர்ந்த புல் எவ்வளவு விரைவில் எரியும், தீ சரிவில் மேல்நோக்கி எப்படி ஓடும் என்பன மலைவாழ்வோர் அறிந்தவை; சமவெளியிலிருந்து செல்வோர் அறியாதவை. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு 40 மலைவழிகளை வரையறுத்து, மலைவாழ் இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றி, மலைநடைத் திட்டமொன்றைத் தொடங்கியது. முன்னே நடக்கும் கானவர் மீண்டும் வேண்டப்பட்டனர்.

மலைபடுகடாத்தின் உயிர்நாடியாக ஒரு செய்தியைச் சொல்லலாம். வழி கிளைக்கும் இடத்தைப் பழந்தமிழ் கவலை என்றது. மனம் இருபாற்பட்டு நிற்கும் நிலைக்கும் அதுவே பெயராயிற்று. அத்தகைய கவலைகளில், மராமரத்தடியில், செல்லும் இடத்தின் பெயரை வழிப்போக்கர் அறியக் கல்லிற் பொறித்து வைத்திருந்ததை இப்பாட்டு குறிக்கிறது. கல்லில் எழுத்தில்லாத கவலைகளும் உண்டு. அங்கே கூத்தர் செய்ய வேண்டியது ஒன்று: கிளைவழியைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட வேண்டும். நிலம் புதியராய்ப் பின்னே வருவோர் திசை மாறாதிருத்தற் பொருட்டு இது.

இதனைச் சொல்பவனும் கேட்பவரும் வறியவர்கள் என்பது நினைக்கத்தக்கது. பசியோடு பரிசிலுக்கு விரைபவர், தமக்குப் பின் அதே பரிசிலை நாடி வருவார்க்காகக் குனிந்து புல்லை முடிகின்றனர். போட்டி எண்ணம் அங்கில்லை. நன்னனின் கொடையைப் பாட்டு எவ்வளவு உயர்த்திப் பேசினும் கேட்போர் நம்புவது, முதலைச் சுழியை அது மறையாது சொன்னமையாலேயாகும். சுழியைப் பற்றிப் பொய் சொன்னால் பிள்ளை ஒன்று வழுக்கி விழும். கவிதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் நடப்பவரின் கால் பிணையாக நிற்கும் நிலை அது. புகழ்ச்சொற்கள் மலிந்த இக்காலக் கவியரங்குகள் இதனை அளவுகோலாகக் கொள்ளுதல் நன்று.

மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளில் பணிபுரிவோர் பலர் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவருள் சவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, சிறுமலை அடிவாரங்களைப் பிறந்த ஊராகக் கொண்டோரும் இருப்பர். சிறுவயதில் ஆட்டின் பின்னே நடந்த பாதையில் சுனை எங்கே, வழுக்குப்பாறை எது, கரடி இறங்கும் சரிவுக்கு ஊரார் இட்ட பெயர் என்ன என்பன அவர் நினைவில் மட்டும் உள்ளன. இரவுமுறைப் பணிக்கும் பேருந்து நேரத்துக்கும் இடையே அப்பெயர்கள் தேய்ந்து வருகின்றன. அவர்தம் மக்கள் அந்த ஊர்களை விடுமுறை நாளில் மட்டும் காண்பவர்கள்.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் கவிஞர் ஒவ்வொருவரும் தாம் நடந்த வழி ஒன்றை, அல்லது நடந்த முதியோர் ஒருவரிடம் கேட்டறிந்த வழியை, இடப்பெயரும் மரப்பெயரும் பிழையாது எழுதி வைப்பாராக. பாட்டாயினும் உரைநடையாயினும் ஆகுக. அதனைக் கையிற் கொண்டு புதியவர் ஒருவர் ஏறி இறங்கி வரக்கூடுமாயின், அதுவே அதற்குரிய பரிசில்.