பழைய ஒளிநாடாவும் புதிய கணினியும்

யாழ்ப்பாணத்து வீடுகளின் அலுமாரிகளிலே வீடியோ கசெற்றுகள் இன்னும் கிடக்கின்றன. 1990களில், மின்சாரமற்ற குடாநாட்டிலே, ஜெனரேற்றரை இயக்கி அயலவர் கூடியிருந்து பார்த்த கலியாண நாடாக்கள் அவற்றுட் பல. அவற்றிற் காணும் முகங்களிற் சில கடல்கடந்து போயின; சில இவ்வுலகிலேயே இல்லை. எனவே, அவற்றைக் கணினிக் கோப்பாக மாற்றுவது விளையாட்டுக் காரியமன்று.

கணினியில் ஏற்றிய படத்தைச் சுருக்கி மாற்றுதற்கு ஹான்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் முதலிய இலவச மென்பொருள்கள் உள. வேலை இடையில் நின்றால், நம்மவர் உடனே மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவர். காய்ச்சலுக்குச் சட்டையை மாற்றுவது போன்றது இது. குற்றம் எந்தப் படியில் நிகழ்ந்தது என்று முதலிற் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவேன். மூன்று மணி நேரக் கலியாணத்தை ‘டிஜிற்றல் வீடியோ’ வடிவிற் பென்டிரைவிலே பதிகிறோம். ஏறக்குறைய 20ஆம் நிமிடத்தில், தாலி கட்டுமுன்னரே, நின்றுவிடுகிறது. எத்தனை முறை முயன்றாலும் அதே இடந்தான். நாடா பழுதென்று எறிந்துவிடத் தோன்றும். நாடாவிலே குற்றமில்லை. எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 கிகாபைற்றுக்கு மேல் வளர மாட்டாது. அவ்வடிவமோ மணிக்குச் சுமார் 13 கிகாபைற்று விழுங்கும். கணினியின் உள்வட்டிலே பதிந்தால் கலியாணம் தடையின்றி நடந்தேறும்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடாக்களின் சிக்கல் வேறு. அங்கு வழங்கியது 525 வரிகளும் நொடிக்குச் சுமார் 30 படங்களும் கொண்ட என்ரிஎஸ்சி முறை. இங்கு வழங்கியது 625 வரியும் 25 படமும் கொண்ட பால் முறை. பால் முறையை மாத்திரம் அறிந்த டெக்கிலிருந்து படம் உருண்டு வந்தால், எந்த மென்பொருளும் அதனை நிமிர்த்தாது. இரண்டையும் அறிந்த டெக்கையே தேட வேண்டும். அசையும் கைகளின் ஓரத்திற் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றுதல் வேறொரு குறை. பாதிப் படங்களை இணைக்கும் ‘டீஇன்ரர்லேஸ்’ தெரிவை இயக்க அது நீங்கும்.

உபுண்டு பயில்வோர்க்கு ஒன்று. எஃப்எஃப்எம்பெக் குழுவினர் 2011இற் பிரிந்து ‘லிப்ஏவி’ தோன்றியது. உபுண்டுவும் சில ஆண்டுகள் அதனையே கொண்டிருந்து, 2015இல் பழையபடி திரும்பிற்று. அக்கால வழிகாட்டிகளிற் காணும் ‘ஏவிகொன்வ்’ என்ற கட்டளையை இன்று இட்டால், அப்படியொன்றில்லை என்றே விடை வரும். பொதி பழுதென்று எண்ணற்க, கட்டளைதான் காலாவதியாயிற்று.

பிழை அறிக்கையின் கடைசி வரிகளை வாசியுங்கள். ஆங்கிலம் என்று அஞ்சி மூடிவிடுகிறோம். கலைப் பட்டதாரியாகிய எனக்கே அவற்றிற் பெரும்பாலன விளங்குகின்றன. வட்டில் இடமில்லை, கோப்பின் பெயர் தவறு என்பனவே அடிக்கடி வருவன.

வீடியோ டெக் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய யப்பானிய ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆதலால், டெக் இயங்கும்போதே நாடாவை ஏற்றிவிடுங்கள். முதலில் ஒரு நிமிடத் துண்டை மாத்திரம் மாற்றி, ஒலியும் உதடும் பொருந்துகின்றனவா என்று நோக்குங்கள். முழுக் கோப்பையும் இறுதிவரை பார்க்குமுன் கசெற்றை எறிந்துவிடாதீர்கள்.