டென்மார்க்கின் பாய்ப்படகு வீரர்



கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஹூக்ளி ஆற்றில் ‘டிங்கி’ என்னும் சிறு படகுகளைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு நதித்துறையில் பிறந்த இச்சொல், ஆங்கிலத்திற் புகுந்து, பந்தயத்திற் செலுத்தும் சிறு பாய்ப்படகுக்கும் பெயராகிவிட்டது. மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எனக்கு இத்தகைய சொற்பயணங்களில் ஆர்வம் மிகுதி. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது, அப்படகினால் உலகப்புகழ் எய்திய ஒருவரைப் பற்றி. அவர் டென்மார்க் நாட்டவரான பால் எல்வ்ஸ்ட்ரோம்.

1928இல் பிறந்த அவர், தம் இருபதாம் வயதில், 1948ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டார். பாய்ப்படகுப் போட்டிகள் இங்கிலாந்தின் டார்க்கி நகரையடுத்த கடலில் நடைபெற்றன. மொத்தம் ஏழு ஓட்டங்கள். முதல் ஓட்டத்தை அவர் முடிக்கவேயில்லை. அடுத்த நான்கில் ஒன்றிலும் முதலிடம் கிட்டவில்லை. ஆயினும் மனந்தளராது, கடைசி இரண்டு ஓட்டங்களிலும் முதல்வராக வந்து தங்கப்பதக்கம் பெற்றார். அதன்பின் 1952, 1956, 1960 ஆகிய ஆண்டுகளிலும், ஒருவரே செலுத்தும் ‘ஃபின்’ வகைப் படகில் தங்கம் வென்றார். தனிப்போட்டியில், தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்குகளில் தங்கம் பெற்ற முதல் வீரர் அவரே.

இவ்வெற்றியின் மூலம் யாது? காற்று வீசுகையில் பாய் படகைச் சாய்க்கும். சாயும் படகு வேகம் இழக்கும். அதனை நிமிர்த்த, வீரர் படகினுள் உள்ள வாரில் பாதங்களை மாட்டிக்கொண்டு, உடலை விளிம்புக்கு வெளியே நீர்மேல் சாய்த்துக் கிடக்க வேண்டும். சிறிது நேரத்திலேயே தொடையும் வயிறும் கடுக்கத் தொடங்கும். எல்வ்ஸ்ட்ரோம் கரையிலேயே ஒரு பலகை அமைத்து, அதில் அவ்வாறு சாய்ந்து கிடந்து பயின்றார். கடலில் மற்றவர் களைத்து உட்காரும் வேளையிலும் அவர் சாய்ந்தே செலுத்த முடிந்தது. இன்று இத்தகைய கரைப்பயிற்சி எங்கும் பரவிவிட்டது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற் போட்டியிட்ட சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் செலுத்தியதும் ஒருவர் படகே. அதனை நிமிர்த்துவதும் செலுத்துபவரின் உடல் வலிமையே.

இடைவிடாத வெற்றிக்கு விலையும் உண்டு. 1960இல் நேப்பிள்ஸ் கடலில் அவர் உடலும் உள்ளமும் சோர்ந்திருந்தார். தங்கம் முன்பே உறுதியாகிவிட்டமையால் கடைசி ஓட்டத்திற் கலந்துகொள்ளவில்லை. 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அவர் படகு செலுத்தவில்லை.

ஆனால் கடல் அவரை விடவில்லை. 1968இல் மீண்டும் வந்தார். நான்காம் இடமே கிடைத்தது. 1984இல், ஐம்பத்தாறாம் வயதில், தம் மகள் டிரீனை உடன் ஏற்றிக்கொண்டு, இருவர் செலுத்தும் ‘டொர்னாடோ’ இரட்டையுடற் படகில் போட்டியிட்டார். அப்போதும் நான்காம் இடமே. 1988இல், அறுபது வயதில், தந்தையும் மகளும் மறுபடியும் வந்தனர். அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். நான்கு தங்கம் பெற்றவர், பதக்கமின்றித் திரும்ப நேருமே என்று கூசவில்லை.

உடன் போட்டியிடுவோரின் நன்மதிப்பை இழந்து பெறும் வெற்றி வெற்றியாகாது என்பது அவர் கொள்கை. 2016இல், எண்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். தொழிலின் பொருட்டு அயலாரிடையே வாழும் நமக்கும் அக்கொள்கை பொருந்துவதே.