ஒப்படைக்கப்படும் பிள்ளைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)





பிள்ளைகள் அல்லாஹு தஆலா நமக்கு வழங்கிய அமானிதம் என்று பயான்களில் அடிக்கடி கூறுகிறோம். அந்த அமானிதத்தை அன்றாடம் சில மணி நேரம் பிறரிடம் ஒப்படைக்கிறோமே, அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அருப்புக்கோட்டையில் தறிக்கும் நூற்பாலைக்கும் செல்லும் தாய்மார்களும், திருச்சுழிப் பக்கம் காட்டு வேலைக்கும் கரிமூட்டத்திற்கும் செல்லும் தாய்மார்களும் பிள்ளையைப் பால்வாடியிலோ பாட்டியிடமோ விட்டுச் செல்கின்றனர். சற்று வளர்ந்ததும் நம் மக்தபிற்கு அனுப்புகின்றனர். அந்த இடத்தின் கூரையையும் தண்ணீரையும் பார்ப்பது மார்க்க விஷயமா என்று சிலர் எண்ணலாம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியில் உள்ளது. இருட்டும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாதிருக்கவும், கதவை அடைக்கவும், பாத்திரங்களை மூடவும், விளக்கை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் அதில் ஏவியுள்ளார்கள். பிள்ளை, கதவு, தண்ணீர், நெருப்பு ஆகிய யாவும் ஒரே அறிவிப்பில் வந்துள்ளன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சத்துணவுச் சமையலறையின் கீற்றில் பற்றிய தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேல் வேய்ந்திருந்த கீற்றுக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டே இருந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது அதன் பிறகுதான். காலையில் தலைவாரி அனுப்பிய எந்தத் தாயும் அந்தக் கூரையை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார். பார்த்திருக்க வேண்டியவர்கள் வேறு சிலர்.

நம் வறண்ட பூமிக்கு உரிய ஆபத்து வேறு. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க இயலவில்லை. தண்ணீர் வராத போர்க்குழியை மண்ணிட்டு நிரப்ப வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010லேயே கூறியிருந்தது. நம்மவர் நிலங்களில் அத்தகைய குழி இருப்பின் சாக்கைப் போட்டு மூடி வைப்பது போதாது.

வீட்டிலும் ஆபத்துண்டு. குழாய்த் தண்ணீரை நாள்கணக்கில் டிரம்மில் பிடித்து வைப்பது நமது வழக்கம். தவழும் பிள்ளை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும். மூடாத டிரம்மில் டெங்குக் கொசுவும் பெருகும். வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் பள்ளிவாசல் ஹவுளும் இத்தகையதே. சிறுவர்கள் அதன் விளிம்பில் எட்டி நிற்பதைத் தினமும் காண்கிறோம்.

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று கூறும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். அது பெருந்தவறு; நீர் வற்றித்தான் பிள்ளைகள் சாகின்றனர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பிள்ளை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். குணமாகும் வரை பால்வாடிக்கும் மக்தபிற்கும் அனுப்பாதீர்கள். மற்றப் பிள்ளைகளும் அமானிதமே.

2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் அஞ்சினர். ஊசி பற்றிய ஐயத்தை மருத்துவரிடம் கேளுங்கள். கைப்பேசியிடம் கேட்க வேண்டாம்.

நிர்வாகத்தாருக்கு நமது கோரிக்கை இதுதான்: ஹவுளுக்குக் கம்பி வலை, மக்தப் பிள்ளைகள் கைகழுவச் சோப்பு, கடைசிப் பிள்ளையை அழைத்துச் செல்லும் வரை உடனிருக்க ஒருவர். இவ்வாண்டு பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கு முன்பாக இவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.